பாட்டுக்கு மதிப்பெண் போடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். கிட்டாரும் மேளமும் முழங்கும் மேல்நாட்டு ராக் இசையின் விமரிசனத்தைப் பற்றிப் பேச வரும்படி வானொலி நிலையத்தார் கேட்டபோது, காரைக்குடியில் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக இந்த இசையை நான் விரும்பிக் கேட்கிறேன். எங்கள் தெருவும் வேறு வழியின்றிக் கேட்டு வருகிறது. பாட்டைப் பற்றி எழுதுகிறவர் நமக்குக் கேட்க வழிகாட்ட வேண்டுமா, மதிப்பெண் போட வேண்டுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1972ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய என் அம்மான், கோடாலித் தைலத்துக்கும் பிஸ்கட் டின்களுக்கும் நடுவே துண்டில் சுற்றி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். லெட் செப்பெலின் என்ற ஆங்கிலேயக் குழுவினர் 1969இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. உறையில் ஓர் ஆகாயக் கப்பல் தீப்பிடித்து விழுந்துகொண்டிருக்கும். பட்டாலையில் பெட்டியை வைத்து முள்ளை இறக்கினோம். வளவில் உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா, முதல் பாட்டு பாதி ஓடியதும் புடைப்பதை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நாங்கள் பெட்டியை அணைக்க எழுந்தோம். அவரோ, “பாடுறவனுக்கு என்ன வயித்துவலியோ தெரியலை, மேளக்காரனுக்கு மட்டும் மூணு கையாப்பா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் புடைக்கத் தொடங்கினார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, சிரித்திருக்கக் கூடாது என்று. அந்தப் பாட்டில் குழுவின் மேளக்காரர் ஜான் போனம் ஒரே மிதிகட்டையை வைத்துக்கொண்டு வலது காலால் விரைவாக அடிக்கும் அடிகளை, எப்படி அடித்தார் என்று மேளம் வாசிக்கிறவர்கள் இன்றளவும் வியந்து பேசுகிறார்கள். அப்பத்தா கேட்ட மூன்றாவது கை அந்தக் கால்தான்.

அதே இசைத்தட்டுக்கு அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் 1969இல் எழுதிய மதிப்புரையைப் பின்னாளில் படித்தேன். சில மாதங்களுக்கு முன் ஜெஃப் பெக் குழுவினர் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள், குழுவின் கிட்டார்க்காரர் ஜிம்மி பேஜின் பாட்டுகளில் கற்பனை வறட்சி இருக்கிறது என்பது ஜான் மெண்டல்சன் என்ற விமரிசகரின் கட்சி. 2003இல் அதே இதழ் தலைசிறந்த 500 இசைத்தட்டுகள் என்று பட்டியலிட்டபோது, இதற்கு 29ஆம் இடம் தந்தது. பலர் இதைச் சொல்லி மெண்டல்சனைக் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். ஏன் பிடிக்கவில்லை என்று அவர் காரணம் எழுதினார். காரணம் எழுதியதால்தான் நாம் அவரோடு சண்டை போட முடிகிறது. 29 என்ற எண்ணோடு யார் சண்டை போடுவது?

மதிப்பெண் வந்ததற்கும் நியாயம் இருந்தது. இசைத்தட்டு விலை அதிகம். கடையில் முழுதும் கேட்டுப் பார்த்து வாங்க முடியாது. அமெரிக்க விமரிசகர் ராபர்ட் கிறிஸ்ட்கௌ 1969 முதல் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அட்டை போல எழுத்துத் தரம் கொடுத்து எழுதிய பகுதிக்கு வைத்த பெயரே ‘நுகர்வோர் வழிகாட்டி’. ஆனாலும் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நறுக்கென்று நாலு வரி வைத்தார். பின்னர் இணையத்தில் வந்த பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழ், பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வரைக்கும் போனது. 6.8 வாங்கிய பாட்டுக்கும் 7.1 வாங்கிய பாட்டுக்கும் இடையில் கிடக்கும் 0.3 எது, கிட்டாரா, குரலா? எங்கள் ஊர் வட்டிக் கணக்கில்கூட இவ்வளவு நுணுக்கம் பார்த்ததில்லை. இன்று மாதச் சந்தா கட்டினால் எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே போய்விட்டது. 2024 சனவரியில் அந்தப் பிட்ச்ஃபோர்க்கையே அதன் உரிமையாளர்கள் ஆடவர்க்கான ஒரு நாகரிக இதழோடு இணைத்துவிட்டார்கள்.

நம்மிடம் இந்தக் கணக்கு இல்லாமலேயே விமரிசனம் நடந்தது. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதியபோது யாருக்கும் பத்துக்கு ஏழு போடவில்லை. படித்தவர் அடுத்த கச்சேரிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு போனார்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டாரோடு பாடுகிறவரே உண்மையான கலைஞர், பிறர் எழுதியதைப் பாடுகிறவர் ஒரு படி கீழே என்ற எண்ணம் ராக் விமரிசகர்களிடம் வெகுகாலம் வேரோடியிருந்தது. 2004இல் கெலெஃபா சானே என்ற விமரிசகர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதை எதிர்த்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பாப் எனப்படும் வெகுசனப் பாட்டையும் மதித்துக் கேட்கும் போக்கு வலுத்தது. நமக்கு இதில் வியப்பில்லை. பக்கத்துச் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் எழுத, எம்.எஸ்.விசுவநாதன் மெட்டமைக்க, டி.எம்.சௌந்தரராசன் பாடினால், மூவரில் யார் உண்மையானவர் என்று நாம் கேட்டதுண்டா? ஆனால் அந்தப் போக்கும் இப்போது அளவு கடந்து, புகழ்பெற்ற பாடகர் எதை வெளியிட்டாலும் முதல் நாளே பாராட்டுரை வந்துவிடுகிறது. பல தடவை கேட்டு எழுத வேண்டியதை நள்ளிரவில் ஒரு தடவை கேட்டு விடியற்காலையில் எழுதினால் வேறு எப்படி வரும்?

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினில் திரைப்பாட்டு வாசித்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன். அதைப் படிக்க நேரமில்லை. இது கச்சேரியா வேடிக்கையா என்று ஒரு சாரார் முகம் சுளித்ததும், அரங்கில் மற்றவர்கள் கைதட்டிக் களித்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர் வாசித்த தட்டு ஏதேனும் வீட்டில் இருந்தால் இன்றிரவு போட்டுக் கேளுங்கள். வணக்கம்.