எறியத் தெரிந்த கை

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பால் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். விதிகளையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன். பிட்சர் என்று ஒருவர் இருக்கிறார், நம் கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் மாதிரி. ஓடி வந்து வீச மாட்டார். சின்ன மேட்டில் நின்று, அறுபதடி ஆறு அங்குலத்துக்கு அப்பால் மட்டைக்காரர் நிற்கும் இடத்தைப் பார்த்து எறிவார். பந்து தரையில் படாமல் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறைக்குப் போகவேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் பல வருடமாகப் பள்ளிப் பையன்களுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறவன். நன்றாக வீசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று வைடாகப் போட ஆரம்பித்தால், மைதானத்து ஓரம் நிற்கும் அப்பாக்கள் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பையனுக்கு மனசுல தைரியம் பத்தல சார்." அந்தத் தீர்ப்பு மேல் எனக்குத் தீராத கோபம். அதற்காகத்தான் இன்றைக்கு இரண்டு அமெரிக்கர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலாமவர் ஸ்டீவ் பிளாஸ். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர். 1971 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அதாவது கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஆட்டம். அதை ஆரம்பம் முதல் கடைசிவரை அவரே வீசி ஜெயித்தார். தைரியம் இல்லாதவர் செய்கிற காரியமா இது? 1972-இல் 19 வெற்றி. அந்த வருடம் சுமார் 250 இன்னிங்ஸ் வீசி 84 பேருக்கு வாக் கொடுத்தார். இன்னிங்ஸ் என்றால் நம் கிரிக்கெட் கணக்கு அல்ல; இங்கே மூன்று பேரை அவுட்டாக்கினால் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ். வாக் என்றால், பிட்சர் வீசவேண்டிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டுவிட்டால், ஓட்டம் எடுக்கச் சுற்றிவரும் தளங்களில் முதல் தளத்துக்கு மட்டைக்காரர் நோகாமல் நடந்து போய்விடலாம். அடுத்த வருடம் 1973. மறுபடியும் 84 வாக். ஆனால் இந்தத் தடவை 89 இன்னிங்ஸ் கூட முழுதாக வீசவில்லை.

கையில் காயம் கிடையாது, தோளில் வலி கிடையாது. பயிற்சியில் கேட்சருக்கு மட்டும் எறியும்போது பழைய பிளாஸ்தான். மட்டையோடு ஒருவர் எதிரே வந்து நின்றதும் பந்து எங்கெங்கோ போகும். தியானம், மனோவசியம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தார். அணித்தோழர் ராபர்ட்டோ கிளெமெண்டே 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்த துக்கம்தான் காரணம் என்றார்கள். அதை பிளாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1975-இல், 32 வயதில், ஆட்டத்தை விட்டார். பிற்பாடு அதே அணிக்கு நீண்ட காலம் வர்ணனையாளராக இருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தான் வீச முடியாமல் போன மேட்டைப் பார்த்தபடி மற்றவர்கள் வீசுவதை ரசித்துப் பேசுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

சரி, இரண்டாமவர். இவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்லவேண்டும்.

ரிக் ஆங்கீல். செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர். 2000-ஆம் ஆண்டு அவருக்கு 21 வயது. அந்தப் பருவத்தில் 194 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவிடாமல் தானே அவுட்டாக்கியிருந்தார். அக்டோபர் 3, அட்லாண்டாவுக்கு எதிராகப் பிளே-ஆஃப் முதல் ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து கேட்சருக்கு எட்டாமல் போனது. போகட்டும், எல்லாருக்கும் நடப்பதுதான். அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அந்த ஒரு இன்னிங்ஸிலேயே ஐந்து பந்து. நூறு வருடத்துக்கு மேலாக யாரும் அப்படி வீசியதில்லை. நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் முதல் ஆட்டத்துக்கு முன் நடுக்கம் அடங்க வோட்கா குடித்துவிட்டு மேட்டுக்குப் போனதாகப் பின்னாளில் ஒரு வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார்.

கீழ்மட்ட அணிகளுக்குப் போனார், முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், 2004-இல் கொஞ்ச நாள் திரும்பி வந்தார். 2005 மார்ச்சில், இனி பந்து வீசப்போவதில்லை, மட்டை பிடிக்கிறேன், வெளிக்களத்தில் நிற்கிறேன் என்று அறிவித்துவிட்டார். நம் ஊரில் ஒரு முன்னணி வேகப்பந்து வீச்சாளர் திடீரென்று இனிமேல் நான் பேட்ஸ்மேன் என்று சொன்னால் என்ன சிரிப்பு சிரித்திருப்போம்! 2007 ஆகஸ்ட் 9, செயிண்ட் லூயிஸ் மைதானத்தில் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார், நம் சிக்ஸர் மாதிரி.

ஆனால் எனக்கு முக்கியம் அந்த ஹோம் ரன் அல்ல. 2008 மே மாதம், கொலராடோ அணியோடு ஆட்டம். பந்து வெளிக்களத்தின் பின்கோடிக்குப் போகிறது. ஆங்கீல் எடுத்து எறிகிறார், மூன்றாம் தளத்தை நோக்கி ஓடியவர் அவுட். அதே ஆட்டத்தில் இன்னொரு தடவையும் அப்படியே. அறுபதடியில் கேட்சரின் கையுறை கிடைக்காமல் தவித்த அதே கைதான் இது. தூரம் பல மடங்கு, குறியும் தப்பவில்லை. கைக்கு என்ன குறை சொல்வீர்கள், தைரியத்துக்குத்தான் என்ன குறை சொல்வீர்கள்?

வெளிக்களத்தில் யோசிக்க நேரமில்லை. பந்து வரும், எடுக்கவேண்டும், எறியவேண்டும். மேட்டில் நிற்பவரிடம்தான் நேரம் நிறைய இருக்கிறது. எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். கை தானாகச் செய்துகொண்டிருந்ததை அந்த நேரத்தில் மூளை மேற்பார்வை பார்க்க வந்துவிடுகிறது. அதனால்தான் வைட் போடும் பையனிடம், "கவனமா போடு, கவனமா போடு" என்று கத்தாதீர்கள் என்கிறேன். அவன் ஏற்கனவே அளவுக்கு மீறிக் கவனமாக இருக்கிறான். நான் அவனை எல்லைக்கோட்டுக்கு அனுப்பி, பந்தை எடுத்து எடுத்து எறியச் சொல்வேன். எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். பிளாஸுக்குச் சரியாகவில்லையே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். 26 பேர் வரிசையாக அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால், ஒருவரையும் தளத்தில் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்த அபூர்வ சாதனை. 27-ஆவது ஆள் தெளிவாக அவுட், ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இல்லை என்றுவிட்டார். கலராகா சண்டை போடவில்லை. லேசாகச் சிரித்தார், மேட்டுக்குத் திரும்பிப் போனார், அடுத்த ஆளை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். பிறகு வீடியோ பார்த்து நடுவர் அழுததும், மறுநாள் இருவரும் மைதானத்தில் சந்தித்ததும் தனிக் கதை. அதற்கு இன்று நேரமில்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.