பழைய வெள்ளம், "இன்று காலை" செய்தி

(திரையில்: கதவு வரை நீரில் மூழ்கிய கார். கீழே "இன்று காலை, ஜார்ஜ்டவுன். உடனே பகிரவும்!")

இந்தப் படம் ஜார்ஜ்டவுனில் எடுத்ததுதான். ஆனால் எடுத்தது 2017 நவம்பர் 5, மலேசியாவின் பினாங்கு மாநிலமே தண்ணீரில் தத்தளித்த நாள். "இன்று காலை" என்ற இரண்டு சொல்லில்தான் பொய் இருக்கிறது.

ஆசிரியர்களே, பகிரப்படும் படம் உண்மையா என்று சரிபார்க்கும் பாடத்தைப் படிவம் 2, 3 மாணவர்களுக்கு இப்படிப்பட்ட படத்திலிருந்தே தொடங்குங்கள். ஆறு படங்கள், நால்வர் குழு, 60 நிமிடம். ஆறில் மூன்று உண்மைச் செய்தியாக இருக்க வேண்டும். எல்லாமே பொய்யாக இருந்தால், மாணவர்கள் எதைக் காட்டினாலும் "பொய், சார்" என்பார்கள். வானிலைத் துறை நிஜமாகவே எச்சரிக்கும்போதும் அதையே சொல்வார்கள். அது வதந்தியை நம்புவதைவிட ஆபத்தானது.

(திரையில்: காரின் எண் பலகை பெரிதாகிறது)

முதல் ஐந்து நிமிடம் இணையம் வேண்டாம். படத்தை மட்டும் பார்க்கட்டும். நம் நாட்டில் சொந்த வாகனங்களின் எண் பலகை பெரும்பாலும் கறுப்பு, எழுத்து வெள்ளை. முதல் எழுத்து பி (P) என்றால் பினாங்கு, கே கெடா, டபிள்யூ, வி கோலாலம்பூர். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்சியாக இருக்கலாம். சாலை முழுக்க அப்படியே இருந்தால் படம் வேறு நாட்டுடையது. ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: பலகை காட்டுவது வண்டி பதிவான மாநிலத்தை. பினாங்குப் பாலத்தில் கெடா வண்டிகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது படத் தேடல், அதாவது படத்தையே கொடுத்து இணையத்தில் தேடுவது. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். மேலே ஒட்டிய எழுத்தையும் வட்டங்களையும் வெட்டி நீக்கிவிட்டுத் தேட வேண்டும். இல்லாவிட்டால் தேடுபொறி அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளத்தில் "மிகப் பழையது முதலில்" என்று வரிசைப்படுத்தலாம். கூகுள் லென்ஸ் வேறு கோணப் படங்களையும் காட்டும். காணொளியா? அசைவில்லாத மூன்று காட்சிகளை நிறுத்திப் படமெடுத்துத் தேடுங்கள்.

கிடைத்த பழைய தேதி, படம் அன்றைக்கே இணையத்தில் இருந்தது என்பதற்குச் சான்று. எடுத்த தேதி அதற்கும் முந்தியதாக இருக்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் படம் புதியது என்று முடிவு கட்டக் கூடாது. புலனத்தில் (வாட்ஸ்அப்) வழக்கமாக அனுப்பும் படத்தில் தேதி, இடம் பற்றிய உள்தரவு நீங்கிவிடும். அதைத் தோண்டுவது வீண்.

(திரையில்: மூன்று செய்திப் பக்கங்கள் அருகருகே)

பிறகு வேறு யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொய்ச் செய்திகளை மறுக்கும் அரசுத் தளமான செபெனார்ஞாவில் மறுப்பு இல்லை என்பதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவிலும் இரண்டு நாளிதழ்களிலும் ஒரே வாக்கியங்கள் வந்தால் அது மூன்று சான்று அல்ல, ஒன்றுதான்.

கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லாத பள்ளியா? கணினி அறை போதும். அதுவும் கிடைக்காவிட்டால் தேடல் முடிவுகளை அச்சிட்டு, குழுவுக்கு ஓர் உறையாகக் கொடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தைத் தேடலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். படத்தைக் குடும்பப் புலனக் குழுவில் அனுப்பியவர் பெரியம்மாவாகவோ மாமாவாகவோ இருப்பார். எல்லார் முன்பும் திருத்தினால் மனம் நோகும். பேசாமல் இருந்தால் படம் அடுத்த குழுவுக்குப் போகும். அவருக்குத் தனியாக அனுப்பும் பதிலை ஒவ்வொரு குழுவும் எழுதட்டும், மூன்று வரிக்குள்.

(திரையில், எழுத்தெழுத்தாக: "பெரியம்மா, இது 2017 வெள்ளத்தில் எடுத்த படம். அப்போது வந்த செய்தி இதோ. இன்றைய ஆற்று நீர்மட்டத்தை வடிகால் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் பார்க்கலாம், இணைப்பு கீழே.")