பிடியரிசியும் பேச்சும்

(திருகோணமலையில் ஒரு பங்கின் பெண்கள் குழுவினது வருடாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அருட்பணிச் சபையினரே, தாய்மாரே, சகோதரிகளே,

சற்று முன்னர் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்தியசாலையில் நோயாளரைச் சந்தித்தது, பாடசாலை தொடங்கும் காலத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வாங்கிக் கொடுத்தது, தவக்காலத்தில் கஞ்சி வழங்கியது, நத்தார்ப் பொதிகள் பகிர்ந்தது என்று ஒவ்வொன்றும் கணக்கோடு அதில் இருந்தது. ஒளிவிழாவும் ஒரு சுற்றுலாவும் நடந்தன என்ற கடைசிப் பந்தியை மட்டும் அவர் சற்றுக் கூச்சத்தோடு, வேகமாக வாசித்து முடித்துவிட்டார். சேவையைப் பற்றிப் பேசவே என்னை அழைத்தீர்கள். நான் அந்தக் கடைசிப் பந்தியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். முன்னால் வந்த பந்திகளில் உள்ள வேலைகள் யாவும், பெண்கள் கூடியிருந்து கதைக்கின்ற நேரத்தில்தான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

உதவ மனமுள்ளவர்கள் எந்தப் பங்கிலும் உண்டு. பணமும் எங்கிருந்தாவது வந்து சேரும். யாருக்கு, எப்போது, எது தேவை என்பதை அறிவதுதான் கடினம். மகள் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மா ஒருவர், கடையில் மறுபடியும் கடன் கேட்கக் கூசி இரவில் அடுப்பு மூட்டாமல் விட்டதை எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுத இடமில்லை. திருப்பலி முடிந்து, மாதா சுரூபம் இருக்கும் கெபியடியில் நிற்கும்போது, "அவவை இரண்டு கிழமையாகக் கோயிலில் காணவில்லையே" என்று ஒருவர் சொல்கிறார். "பின்னேரச் செபமாலைக்கும் வரவில்லை" என்கிறார் மற்றவர். அன்று மாலையே இருவர் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். அந்த இரண்டு வசனங்களை வீண்கதை என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் ஆண்கள்தான், கோபிக்க வேண்டாம்.

நம் கரைக்கென்று ஒரு பருவ ஒழுங்கு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் திருகோணமலைக் கடல் அடங்கி இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கங்களிலிருந்தும் மீனவர் இங்கு வந்து தொழில் செய்வர். வடகிழக்கிலிருந்து வாடை எழுந்ததும் அவர்கள் ஊர் திரும்ப, நம்மவர் வள்ளங்களும் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். ஆகவே உலகம் கொண்டாடும் நத்தார், நம் மீனவக் குடும்பங்களுக்கு மழையோடும் வெறும் கையோடும் வருகிறது. வெளியூரிலிருந்து வருபவர் டிசம்பர் 24இல் கேக்கும் உடுப்பும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகலாம். அவர் மனம் நல்லது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கார்த்திகை நடுவிலேயே காப்பு அடகுக்குப் போய்விடுகிறது என்பதை அறிந்த இந்தக் குழு, உலருணவுப் பொதியை நவம்பரிலேயே கொடுக்கத் தொடங்கியது. அந்த யோசனை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் வந்ததன்று. சந்தையில் மீன் விற்கிற பெண்ணும் பாடசாலை ஆசிரியையும் ஒரே பாயில் இருந்து பயற்றம் பணியாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது வந்தது.

பிடியரிசி விடயத்தையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியில் பலர் அதைப் பழங்கால வழக்கம் என்று எண்ணிவிடுகிறார்கள். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துப் புறம்பான பேணியில் போடுவதும், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவதும் எல்லோரும் அறிந்த முறை. அதில் உள்ள சிக்கலைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டில் நாட்டரிசி, ஒரு வீட்டில் சம்பா, இன்னொரு வீட்டில் சிவப்புப் பச்சையரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழைந்துபோகும்போது மற்றது வேகாமல் நிற்கும். அதைவிடப் பெரிய குறை, அந்தக் கலப்பரிசியைப் பானையில் இடும் ஒவ்வொரு முறையும், இது பல வீடுகளில் சேர்த்த அரிசி என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என்பதாகும். இந்தக் குழுவின் மூத்த அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் மூன்று வாளிகள் வைப்போம், தெரியாமல் கலந்துவிட்டதை ஊறவைத்து இடித்து இடியப்ப மாவாக்குவோம் என்றார். மா விற்ற காசில் நல்ல அரிசி வாங்கிக் கடைப் பையிலேயே கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் கை தெரியாமல் கொடுப்பதைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அதை அரிசியில் எப்படிச் செய்வது என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் தபித்தா என்ற பெண் சீடரைப் பற்றி வாசிக்கிறோம். அவர் வாழ்ந்த யோப்பாவும் நம் ஊரைப் போலவே ஒரு துறைமுகப் பட்டினம். அவர் இறந்ததும் பேதுருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். பேதுரு வந்தபோது அங்கிருந்த கைம்பெண்கள் அழுதுகொண்டே, தபித்தா உயிரோடு இருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் அவரிடம் காட்டுகிறார்கள். அவர் எவ்வளவு கொடுத்தார் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் ஒருவருக்கு அளவாக அங்கி தைக்க வேண்டுமானால் அவரை அருகில் இருந்து பார்த்திருக்க வேண்டும், அவரோடு கதைத்திருக்க வேண்டும். கைம்பெண்கள் அந்த மேல்மாடியில் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகக் கூடியிருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்தபோதும் இதைக் கண்டோம். லொறிகளில் வந்து குவிந்த உடுப்புகளுக்குக் குறைவில்லை. முகாமில் இருந்த பெண்களுக்கு உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் மறைவாகக் குளிக்க ஒரு தடுப்பும் வேண்டும் என்பதை ஆண் தொண்டரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்காமலே அறிந்தவர்கள் செய்தார்கள்.

மரண வீட்டுக்கு வருவோம். செய்தி வந்ததும் பிளேன்டீக்குச் சீனியும் தேயிலையும் எடுத்துக்கொண்டு ஓடுவதும், கதிரைகள் ஒழுங்குசெய்வதும், இரவிரவாகச் செபமாலை சொல்வதும் இந்தக் குழுவினர் பழகிய வேலைகள். எட்டாம் நாள் கடந்து, முப்பத்தோராம் நாள் திருப்பலியும் முடிந்த பிறகு அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்துவிடும். கணவனை இழந்தவளுக்கு உண்மையான அலைச்சல் அப்போதுதான் தொடங்குகிறது. மரணச் சான்றிதழின் பிரதிகள், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி, கிராம உத்தியோகத்தரின் கையொப்பம், வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும், 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கான விண்ணப்பம், விடுபட்டுப்போனால் மேன்முறையீடு என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தக் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், பிரதேச செயலகத்துக்கு அப்படிப்பட்டவர்களோடு கூடப்போய் வரிசையில் நிற்கிறார். ஆண்டறிக்கையில் அது வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கடனைப் பற்றிப் பேசாமல் போனால் நான் உண்மை பேசியவளாக மாட்டேன். போருக்குப் பிந்திய காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு தேடி வந்தன. பெண்கள் சிலரைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக வைத்துக் கடன் கொடுத்தன. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்களே அவள் வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை உண்டானது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை 2018இல் அரசாங்கமே கொண்டுவர வேண்டிய அளவுக்கு அது முற்றியது. பெண்கள் கூடுகிறார்கள் என்ற அதே பலத்தை எடுத்து, அயலவளை அயலவளுக்குக் காவலாளியாக்கியதுதான் அந்த முறையின் கொடுமை. கடன் வாங்கியவள் வெட்கத்தால் முதலில் நிறுத்துவது ஞாயிறு கூட்டத்துக்கு வருவதைத்தான் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதனால்தான் உங்கள் சீட்டில் தவணை தவறியவரின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதில்லை என்று எடுத்த தீர்மானம் சிறியதன்று.

இங்கே பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டின் இல்லாமை கெபியடியில் தெரியவந்தால் உதவி பிறக்கலாம். அதே செய்தி மீன் சந்தை வரைக்கும் போனால் அந்தக் குடும்பம் அடுத்த முறை பட்டினி கிடந்தாலும் வாய் திறக்காது. போய்ப் பார்த்தவர் இருவர் என்றால் அறிந்தவரும் இருவராகவே இருக்கட்டும். பொருளாளருக்குத் தொகை தெரிந்தால் போதும், பெயர் தெரிய வேண்டியதில்லை.

அருட்பணிச் சபையினரிடமும் ஒரு வார்த்தை. பொதுநிலையினரின் பணியைப் பற்றிய ஆணையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்டது. வாசகர், பீடப்பணியாளர் என்ற நிலையான பணிகளுக்குப் பெண்களையும் ஏற்படுத்தலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் திருச்சட்டத்தையே திருத்தினார். நம் பங்குகளில் திருநாள் வந்தால் பெண்கள் குழுவுக்குச் சமையற்கூடத்தின் திறப்பு தவறாமல் கிடைக்கிறது. திருநாள் வரவுசெலவைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அழைப்பு எப்போதாவதுதான் கிடைக்கிறது. எந்த ஒழுங்கையில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று அறிந்தவர்களை வெளியில் வைத்துக்கொண்டு ஏழைகளுக்கான நிதியை ஒதுக்குவது நிருவாகமாகவும் சரியன்று. கொடியேற்றத்துக்கு வெடி எவ்வளவு என்பதிலும் அவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும், கேட்டுப்பாருங்கள்.

சுற்றுலாவைப் பற்றியும் கூச்சம் வேண்டாம். பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் குடும்பத்து அன்ரிமார் பஸ்ஸில் பைலாப் பாட்டைத் தொடங்க, அதுவரை குழுவில் வாய் திறந்தறியாத மருமகள் ஒருத்தி கைதட்டிப் பாடினாள். அடுத்த மாதம் அவளாகவே வந்து, தனக்குத் தையல் தெரியும், முதல் நன்மைப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளைத் தைத்துத் தருகிறேன் என்றாள். அவளை ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்திருக்க முடியாது.

இளம் பெண்கள் குழுவுக்கு வருவதில்லை என்ற குறையை இன்று பலர் சொன்னீர்கள். கூட்டம் நடப்பது ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு. அந்த வேளையில் கடையில் நிற்பவளுக்கும், ரியூஷனுக்குப் பிள்ளையை ஏற்றி இறக்குபவளுக்கும், ஹோட்டலில் வேலைமுறை உள்ளவளுக்கும் இருக்க நேரமில்லை. பக்தி குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னர் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். மாதத்தில் ஒரு கூட்டத்தை வார நாளில், மாலை ஏழு மணிக்கு, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு வீட்டு விறாந்தையில் வையுங்கள். வீட்டுக்காரருக்குச் செலவு வைக்காமல் தேயிலையும் சீனியும் குழுவே கொண்டுபோகட்டும். முதற் கூட்டத்தை எந்த வட்டாரத்தில் வைப்பது என்பதை, தலைவி அனுமதித்தால், இன்று கலைவதற்கு முன்னரே தீர்மானித்துவிடலாம்.