லூகாவை விற்றது தப்பா? பெருந்துறைத் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தன் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்ததே, அதைப் பற்றியது. அப்போது நிக்கோ ஹாரிசன்தான் டல்லாஸ் மேனேஜர். பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, டல்லாஸ் மேவரிக்ஸ் பேச்சு வந்தாலே நீங்க நிர்வாகத்தைத்தான் திட்டுறீங்க. லூகா டோன்சிச் உடம்பைச் சரியாப் பார்த்துக்கல. அவருக்கு 5 வருஷத்துக்கு 34 கோடியே 50 லட்சம் டாலர் வரைக்கும் ஒப்பந்தம் போட வேண்டிய நிலைமை. நீங்க நிக்கோ ஹாரிசன் நாற்காலியில உக்காந்திருந்தா என்னங்கண்ணா செஞ்சிருப்பீங்க? ரசிகன் பாசத்துல பேசறான், மேனேஜர் கணக்குப் போட்டுப் பேசறாரு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

தம்பி, கேள்வி நன்றாக இருக்கிறது. கடைசி வரிதான் உறுத்துகிறது. பாசம் எங்களுக்கு, கணக்கு அவர்களுக்கு என்று பங்கு பிரித்துவிட்டீர்கள். நான் இன்று கணக்கை மட்டுமே பேசப்போகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. நமக்குக் காலை பத்தே முக்கால் இருக்கும். கறிக்கடையிலிருந்து வந்து பையைக் கீழேகூட வைக்கவில்லை, போன் அடித்தது. கோபியிலிருந்து என் சிநேகிதன். "லூகாவை லேக்கர்ஸுக்குக் கொடுத்துட்டாங்கடா" என்கிறான். யாரோ செய்தியாளரின் கணக்கைத் திருடி விளையாடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அமெரிக்காவிலும் முதல் சில நிமிடம் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். நினைக்க மாட்டார்களா? எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அந்தப் பையன் அணியை இறுதிப்போட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தான். பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றார்கள், சரி. ஆனால் அந்த 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 33.9 புள்ளி எடுத்து, லீகிலேயே முதலிடத்தில் இருந்தவன். வயது 25.

அவனைக் கொடுத்து என்ன வாங்கினார்கள்? ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி என்கிற இளம் ஆட்டக்காரர், 2029-ல் ஒரே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரை எடுக்கிற உரிமை. இந்த ஒன்றைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஏழு மாதம் முன்னால் மிக்கால் பிரிட்ஜஸை வாங்க நியூயார்க் நிக்ஸ் கொடுத்தது ஐந்து முதல் சுற்று பிக். பிரிட்ஜஸ் நல்ல ஆட்டக்காரர், எனக்குப் பிடிக்கும். ஆனால் அதுவரை லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தேர்வாகாதவர். அவருக்கு ஐந்து, லூகாவுக்கு ஒன்று. தம்பி, கணக்கு யாருக்குத் தெரியவில்லை?

டேவிஸ் பெரிய ஆட்டக்காரர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லூகாவின் உடம்பு தாங்காது என்று சொல்லி விற்றவர்கள், ஆறு வயது மூத்த ஒருவரை, அதுவும் அந்த நேரத்தில் காயத்தில் உட்கார்ந்திருந்தவரை வாங்கினார்கள். பிப்ரவரி 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக டல்லாஸ் சட்டையில் அவருக்கு முதல் ஆட்டம். 26 புள்ளி, 16 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) என்று பிரமாதமாக ஆடினார். மூன்றாவது கால்பகுதியில் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனவர், வாரக்கணக்கில் திரும்பவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரை வைத்து என்ன கணக்குப் போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

இப்போது நான் எதற்கு வரப்போகிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கட்டுத்தரை வியாபாரம். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த டிரேடு முழுக்க அதற்குள் இருக்கிறது.

எங்கள் அப்புச்சி காங்கேயம் மாடு வைத்திருந்தார். ஈரோட்டில் கருங்கல்பாளையம் சந்தை வியாழக்கிழமை கூடும். அவர் ஒரு மாட்டை விற்க வேண்டுமென்றால் முந்தின நாளே குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அங்கே ஒருவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், இன்னொருவர் சுழி பார்ப்பார், மூன்றாமவர் நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் துண்டைக் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். எட்டுப் பேர் விரல் பிடித்த பிறகுதான் அப்புச்சிக்கே தன் மாட்டின் விலை தெரியும்.

ஒரு தடவை மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஒரு காளை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. தினமும் காலையில் அவிழ்த்துக் கட்டும்போதெல்லாம் அந்தக் கால்தான் கண்ணில் படும். காளையின் திமிலோ இழுவையோ அவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்த ஒரே ஒரு தரகரிடம் கட்டுத்தரையிலேயே பேசி முடித்துவிட்டார். அடுத்த மாதம் சந்தைக்குப் போனபோது அதே காளை நின்றது. லாடத்துக்குள் இருந்த சிறு கல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். விலையைக் கேட்டுவிட்டு அப்புச்சி அன்று சாப்பிடவில்லை.

தினமும் பார்ப்பவனுக்குக் குறைதான் பெரிதாகத் தெரியும். அதனால்தான் சந்தைக்குப் போக வேண்டும். நாலு பேர் வாயிலிருந்து விலை வர வேண்டும். ஹாரிசன் என்ன செய்தார்? லேக்கர்ஸ் மேனேஜர் ராப் பெலின்காவிடம் மட்டும் ரகசியமாகப் பேசி முடித்தார். மீதி அணிகளுக்கு லூகா விலைக்கு வருகிறான் என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை மேனேஜர்கள் நடுராத்திரியில் போன் போட்டிருப்பார்கள்! அணியின் பயிற்சியாளர் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள்.

உடம்பைப் பற்றிய கவலையை நான் தள்ளிவிடவில்லை தம்பி. 2024 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் லூகாவின் இடது கெண்டைக்காலில் அடிபட்டது, அதற்கு முன்னாலும் அந்தத் தொந்தரவு உண்டு. எடை ஏறுகிறது, நடுவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓட மாட்டான், எல்லாம் உண்மை. நானே இங்கே உட்கார்ந்து கத்தியிருக்கிறேன். ஆனால் டல்லாஸுக்கு இந்தப் பயம் புதிது இல்லை. 2004-ல் ஸ்டீவ் நேஷுக்கு 30 வயது, முதுகு தாங்காது என்று ஃபீனிக்ஸ் கொடுத்த விலையை இவர்கள் கொடுக்கவில்லை. போனவர் 2005, 2006 என்று இரண்டு வருடம் தொடர்ந்து எம்விபி, அதாவது பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினார். 2011-ல் அணியின் பெரிய நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கியோடு கோப்பை வாங்கிக் கொடுத்த டைசன் சாண்ட்லரை அந்த டிசம்பரிலேயே விட்டார்கள். ஜேலன் பிரன்சனை 5 கோடியே 55 லட்சம் டாலருக்கு 4 வருடம் கட்டிப்போட்டிருக்கலாம், தள்ளிப்போட்டார்கள். 2022-ல் நிக்ஸ் 10 கோடியே 40 லட்சம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. இன்று நியூயார்க்கே அவர் பின்னால் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பவனின் குறைதான் இவர்களுக்குத் தெரிந்தது.

நான் இந்த அணிக்குப் பின்னால் போனது நோவிட்ஸ்கிக்காக. 2015-ல் டிராஃப்டில் 52-ஆவது ஆளாக நம் பஞ்சாப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் எடுத்தபோது அந்தப் பிடிப்பு இன்னும் இறுகிப்போனது. என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அந்தப் பெரிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அன்று எங்கள் மைதானத்தில் பையன்கள் சத்னாம் சத்னாம் என்று கத்திக்கொண்டு ரிங்கைத் தொடப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சிலர் கேட்பார்கள்: அதுதான் முதல் பிக் யாருக்கு என்று குலுக்கிப் பார்க்கும் 2025 டிராஃப்ட் லாட்டரியில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் பிக் விழுந்து கூப்பர் ஃபிளாக் வந்துவிட்டாரே, எல்லாம் நல்லதுக்குத்தானே? ஃபிளாக் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பட்டம் தவறி விதைத்தவன் காட்டில் ஒரு வருடம் மழை பெய்தது என்பதற்காக அவன் விதைத்தது சரி என்று ஆகிவிடாது. அணி முதலாளிகளுக்கும் கடைசியில் அது புரிந்தது. அந்த நவம்பரில் 3 வெற்றி, 8 தோல்வி என்று அணி நின்றபோது ஹாரிசனை அனுப்பிவிட்டார்கள்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓக்லஹோமா சிட்டி அணியின் மேனேஜர் சாம் பிரெஸ்டியைப் பாருங்கள். 2012-ல் சம்பளத்தில் சில மில்லியன் டாலர் ஒத்துவராமல் ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார். ஹார்டன் 2018-ல் அங்கே எம்விபி ஆனார். அதே பிரெஸ்டியிடம் 2019-ல் அவருடைய நட்சத்திரம் பால் ஜார்ஜ், கிளிப்பர்ஸ் அணிக்குப் போகிறேன் என்றார். கிளிப்பர்ஸுக்கு அவர் எவ்வளவு அவசரமாகத் தேவை என்று பிரெஸ்டி பார்த்துக்கொண்டார். ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரை வாங்கினார், ஐந்து முதல் சுற்று பிக் வாங்கினார். அதில் ஒன்றில்தான் 2022-ல் 12-ஆவது ஆளாக ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025-ல் ஷே எம்விபி, அணிக்குக் கோப்பை. வாங்க வந்தவனின் தேவையை அளந்து விலை சொன்னார். மேனேஜர் கணக்கு என்றால் அதுதான் கணக்கு.

ஆக, அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால்? முதலில் லூகாவைக் கூப்பிட்டு நேராகப் பேசியிருப்பேன். எடை இவ்வளவு, கோடையில் இவ்வளவு ஓட்டம், இல்லையென்றால் இந்தத் தொகை கிடையாது என்று. அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் மீதி 29 அணிகளுக்கும் போன் போட்டிருப்பேன். அவ்வளவுதான் தம்பி உங்கள் கேள்விக்குப் பதில்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு என்று தோன்றுகிறது. ஏன் யாரையும் கேட்காமல் செய்கிறார்கள்? இது டல்லாஸில் மட்டும் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு கிளப் இருந்தது. சிமெண்ட் தரை, கோடை விடுமுறையில் ராத்திரி விளக்குப் போட்டு டோர்னமென்ட். எங்கள் அணியில் ஒரு பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவன், ஐந்தடி நாலங்குலம் இருப்பான். மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து, காலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு நேராக மைதானத்துக்கு வருவான். நான் எந்த மூலையில் நிற்பேன் என்று எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலேயே பந்து கைக்கு வந்துவிடும்.

ஒரு வருடம் பெரிய போட்டிக்கு முந்தின சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய 12 பெயர். அவன் பெயர் இல்லை. அந்த இடத்தில் வெளியூரிலிருந்து கூட்டி வந்த கெஸ்ட் பிளேயர், ஆறடி மூன்றங்குலம். அவன் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தான். மறுபடியும் மேலே போய் ஆரம்பித்தான். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, இரண்டு கயிற்றையும் முடிபோட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலில் மிதித்துப் போனான். முன்னாலேயே அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேப்டன் நான், எனக்கே தெரியாது.

கெஸ்ட் பிளேயர் நன்றாகத்தான் ஆடினார், உயரத்துக்கு ரீபவுண்டு நிறைய எடுத்தார். ஆனால் எங்கள் கைக்குப் பந்து வரவேண்டிய இடத்தில் வரவில்லை. இரண்டாவது ஆட்டத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

2025 ஏப்ரல் 9, நமக்கு 10-ஆம் தேதி விடியற்காலை. லூகா லேக்கர்ஸ் சட்டையில் டல்லாஸுக்குத் திரும்பி வந்தான். ஆட்டத்துக்கு முன்னால் அவனுடைய பழைய காட்சிகளைத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கண்ணீர் நிற்கவில்லை. அப்புறம் எழுந்து போய் 45 புள்ளி எடுத்தான். எனக்கு அன்று அந்தக் காலண்டர் தாள்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் மேனேஜரிடம் பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் கேட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க மாமா, அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?" என்றேன். இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவீன்னு தெரியும் கண்ணு. அதனாலதான் கேக்கல."

சரி, அடுத்தது உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை, மூன்று புள்ளிக் கோடு பற்றிக் கேட்டிருக்கிறார்.