ஊசியையே உடைக்கும் வயிறு! ஈரலையும் கிஸர்டையும் இனி ஒன்றாகப் போட்டு வதக்காதீர்கள்

(திரையில்: கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு ஈயக் குண்டு)

ஒரு ஈயக் குண்டு. அதைச் சுற்றிலும் ஊசிகள், கூர்முனை எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. இதை ஒரு வான்கோழியை விழுங்க வைக்கிறார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் ஊசிகளின் முனைகள் உடைந்து போயிருக்கின்றன. பறவையின் வயிற்றுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

கதை இல்லை, நண்பர்களே. இத்தாலிய அறிவியலாளர் லாசரோ ஸ்பல்லான்சானி 18ஆம் நூற்றாண்டில் செய்த சோதனை. செரிமானம் பற்றிய அவருடைய ஆய்வுகள் 1780இல் நூலாக வந்தன. இன்றைக்கு யாரும் செய்யக்கூடாத சோதனைதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த ஊசிகளை உடைத்த உறுப்பு எது தெரியுமா? கோழிக் கடையில் கிஸர்ட் என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதுதான். பள்ளிப் பாடத்தில் அரைவைப்பை என்று படித்திருப்பீர்கள்.

அப்படிப்பட்ட ஒன்றை ஈரலோடு சேர்த்துக் கடாயில் போட்டுப் பத்து நிமிடம் வதக்கிவிட்டு, மெல்லவே முடியவில்லை என்று ஒதுக்கி வைத்தால் எப்படி? இந்த வீடியோ முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான். ஒரே கோழியிலிருந்து வந்தாலும் ஈரலுக்கும் கிஸர்டுக்கும் அடுப்பில் வேண்டிய நேரம் வேறு வேறு.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முழுக் கோழி வாங்கினால் கூடவே ஈரல், இதயம், கிஸர்ட், கழுத்து எல்லாம் வரும். தனியாகவும் எடைக்குக் கிடைக்கும், கறியைவிட விலை குறைவு. அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

(திரையில்: கோழியின் உணவுப்பாதை வரைபடம்)

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தி விழுங்கிய சோளம் முதலில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. அடுத்து ஒரு சின்ன இரைப்பை, அங்கே அமிலம் சுரக்கிறது. அதற்குப் பிறகுதான் நம் கிஸர்ட். நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேய்கிற கோழி தானியத்தோடு பொடிக் கற்களையும் கொத்தி விழுங்கும். அந்தக் கற்கள்தான் குழவி. உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறச் சொரசொரப்புத் தோல்தான் கல்லின் குழி. இரண்டு பக்கமும் இருக்கும் தடித்த தசைகள்தான் ஆட்டுகிற கை. அந்தக் கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை இறுகிச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது, கோழி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்!

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். சிட்டாகோசாரஸ் என்ற டைனோசரின் புதைபடிவங்களில், வயிறு இருந்த இடத்தில் இப்படிப்பட்ட கற்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கல்லை விழுங்கி இரையை அரைக்கும் வேலை அவ்வளவு பழையது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வறுக்கும் பொருளுக்கு எத்தனை பெரிய வரலாறு பாருங்கள். எனக்கு இதைச் சொல்லி அலுப்பதே இல்லை.

சரி, இதற்கும் சமையலுக்கும் என்ன தொடர்பு? நிறைய இருக்கிறது. ஓயாமல் உழைக்கிற தசையில் கொலாஜன் அதிகம். தசை நார்களை இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் அது. ஈரச் சூட்டில் நிதானமாக வேகும்போது அது இளகி ஜெலட்டினாக மாறும், கறி மெத்தென்று ஆகும். பத்து நிமிட வதக்கலில் அது இளகாது, இறுகத்தான் செய்யும்.

முழுத் தானியம் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழிக்கு அரைக்கிற வேலை அதிகம். அதனால் அதன் கிஸர்ட் பெரிது, கெட்டியும்கூட. பொடித்த தீவனமே சாப்பிடும் பிராய்லருக்கு அந்த வேலை குறைவு. நாட்டுக்கோழி கிஸர்டுக்குக் கூடுதல் விசில் விடச் சொல்வதன் காரணம் இதுதான்.

வேக வைக்க இரண்டு வழி. ஒன்று, நேரம் கொடுப்பது. பிரான்ஸின் தென்மேற்கில் வாத்துக் கிஸர்டை வாத்துக் கொழுப்பிலேயே மூழ்க வைத்து, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். பிறகு சூடாக வதக்கிக் கீரை இலைகளின்மேல் போட்டுச் சாப்பிடுவார்கள். இரண்டாவது வழி ஜப்பானுடையது. வெள்ளைத் தோலைச் சீவிவிட்டுச் சின்னத் துண்டுகளாகக் குச்சியில் குத்தி, உப்பு மட்டும் தூவிக் கரி நெருப்பில் சுடுவார்கள். அங்கே அந்த மொறுமொறுப்பைத்தான் ரசிக்கிறார்கள். இரண்டையும் எடை போட்டால் என் ஓட்டு முதல் வழிக்கு. நம்மிடம் குக்கர் இருக்கிறதே!

(திரையில்: சுத்தம் செய்யும் காட்சி, நெருக்கத்தில்)

கிஸர்டைக் கடையில் பிளந்து தந்திருந்தாலும் மஞ்சள் தோல் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரித்துவிடுங்கள், அது வேகவே வேகாது. கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுத் தேய்த்து, பாத்திரத் தண்ணீரில் அலசுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டாம். பச்சைக் கோழியில் இருக்கும் கிருமிகள் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் காய்கறிமேல் விழும்.

பிறகு மஞ்சள்தூள், உப்பு, தட்டிய இஞ்சி பூண்டு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். பிராய்லர் என்றால் ஐந்து விசில். நாட்டுக்கோழி என்றால் எட்டு வரை போகலாம். திறந்ததும் ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். இறங்கவில்லை என்றால் தயங்காமல் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். தண்ணீரைக் கொட்டாதீர்கள், வேலை இருக்கிறது.

இரும்புக் கடாயில் நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் வெந்த கிஸர்ட். இதயத்தையும் இரண்டாக வெட்டி இப்போதே போட்டுவிடலாம், பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

ஈரல் கடைசியில். மறுபடியும் சொல்கிறேன், கடைசியில்!

ஈரலில் இழுத்துக் கட்டும் நார் மிகக் குறைவு. அதனால் ஐந்தாறு நிமிடமே போதும். அதற்கு மேல் விட்டால் ஈரம் போய் மாவு மாவாக உதிரும். கடாயில் போடும் முன்பு பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது பித்தப்பை. உடைந்து கசிந்திருந்தால் பச்சைக் கறை பட்ட இடத்தை வெட்டி எறியுங்கள், கழுவினால் மட்டும் கசப்பு போகாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே ஈரலை இறக்கச் சொல்லும் சமையல் குறிப்புகள் உண்டு. கோழி ஈரலுக்கு அது வேண்டாம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காம்பிலோபாக்டர் பாக்டீரியா ஈரலின் மேலே மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கும். பிரிட்டனில் அரைவேக்காட்டு ஈரலைச் சாப்பிட்டுக் கூட்டமாக நோயுற்ற நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. நடுப்பகுதியின் சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லையா? இருப்பதிலேயே பெரிய துண்டைப் பிளந்து பாருங்கள். சிவப்பு மறைந்த அந்த நிமிடமே அடுப்பை அணையுங்கள். மிளகும் சீரகமும் பொடித்து, அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். வாசனை அப்படியே நிற்கும்.

சத்து பற்றி இரண்டே வரி. 100 கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்புச்சத்து, நெஞ்சுக்கறியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம், யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்களும் அப்படியே.

குக்கர் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? கொலாஜன் இளகி வந்த ஜெலட்டின் அதில்தான் இருக்கிறது. அதை மிளகு ரசத்தில் ஊற்றிப் பாருங்கள், ரசம் தொண்டையில் இறங்கும் விதமே வேறாக இருக்கும்.

உங்கள் வீட்டில் கிஸர்ட் யாருடைய பங்கு? உங்கள் பக்கத்தில் இதை எப்படி வைப்பார்கள், எத்தனை விசில் விடுவார்கள்? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ கழுத்தும் காலும் போட்ட சூப். அதற்குக் கோழிக் காலின் தோலை உரிக்கும் வழி தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள், படம்பிடிக்கும்போது செய்து பார்க்கிறேன்.