ஊசி போட்டும் டைபாய்டு காய்ச்சல் ஏன் உடனே விடுவதில்லை?

வணக்கம். ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகனுக்குப் பதினாறு வயது. டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நாலு நாளாக செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள், இன்னும் காய்ச்சல் வருகிறது. மருந்து வேலை செய்யவில்லையா? இதைவிடப் பவரான ஊசி கேட்கலாமா? சின்ன வயதில் பெனிசிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்தது, அதனாலும் பயமாக இருக்கிறது."

அம்மா, நாலாம் நாள் காய்ச்சல் இருப்பதை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. டைபாய்டில் சரியான மருந்து போய்க்கொண்டிருந்தாலும் காய்ச்சல் முழுவதும் விட ஐந்து, ஆறு நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

காரணம் இதுதான். செஃப்ட்ரியாக்சோன் செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்து. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டுவதை இது தடுக்கும்; சுவர் இல்லாமல் கிருமி வெடித்துச் சாகும். ஆனால் டைபாய்டு கிருமி நம் வெள்ளை அணுக்களுக்கு உள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். இந்த மருந்து அணுக்களுக்குள் அவ்வளவாக நுழையாது. ரத்தத்தில் இருக்கும் கிருமி சீக்கிரம் போய்விடும், ஒளிந்திருப்பது வெளியே வர வரத்தான் தீரும்.

அதனால் கட்டிலருகே இருக்கும் சார்ட்டைப் பாருங்கள். முதல் நாள் 104 தொட்டது, நேற்று 102, இன்று மாலை 101 என்று உச்சம் இறங்கி வருகிறதா? பையன் முகம் தெளிந்து கஞ்சி கேட்கிறானா? அப்படியென்றால் மருந்து வேலை செய்கிறது. ஒரு வாரம் ஆகியும் உச்சம் அப்படியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "முதல் ஊசிக்கு முன்னால் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தீர்களா, அதில் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று வந்தது?" என்பதுதான். டைபாய்டுக்கு வழக்கமாக எடுக்கும் விடால் என்ற ரத்த டெஸ்ட் இதைச் சொல்லாது. டைபாய்டுதானா என்பதற்கே அதை மட்டும் நம்ப முடியாது.

பவரான ஊசி என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் மெரோபெனம் மாதிரி மருந்து. அது வேண்டிய இடம் உண்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-லிருந்து செஃப்ட்ரியாக்சோனுக்கே கட்டுப்படாத டைபாய்டு பரவியது. அங்கே அசித்ரோமைசினும் மெரோபெனமும்தான் கைகொடுத்தன. நம் ஊரில் முன்பு டைபாய்டுக்குக் கொடுத்துவந்த சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து பெரும்பாலும் எடுபடாமல் போய்விட்டது. மிச்சமிருக்கும் மருந்துகளையும் அவசரப்பட்டுப் போட்டு, கிருமி அதற்கும் பழகி, இழந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகளின் கதையே டைபாய்டில்தான் தொடங்கியது. 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி நகரில், ஜுசெப்பே புரோட்சு என்ற ஆய்வாளர் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அது டைபாய்டு கிருமியை வளரவிடவில்லை. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி-யைப் பிரித்தார்கள். இன்று மூளைக்காய்ச்சல், கடுமையான நிமோனியா என்று பல இடங்களில் இந்த மருந்துகள் உயிர் காக்கின்றன.

சரி, பெனிசிலின் பயம். பெனிசிலின் அலர்ஜி உள்ளவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று முன்பு சொல்வார்கள். அது மிகையான கணக்கு. உண்மையில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், அதுவும் செஃப்ட்ரியாக்சோன் மாதிரி மருந்தில் இன்னும் குறைவு. நாலு நாள் போட்டும் உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல செய்தி. இருந்தாலும் அந்தப் பழைய தடிப்பை டாக்டரிடம் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ தோல் உரிதலோ வந்திருந்தால் அதைத் தனியாக, இன்றைக்கே சொல்ல வேண்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பி, செஃபிக்சிம் மாதிரி மாத்திரை எழுதித் தரலாம். மொத்தம் பத்து முதல் பதினான்கு நாள் மருந்து ஓட வேண்டும். பையன் நன்றாக விளையாடுகிறான் என்று பாதியில் நிறுத்தினால் இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்பலாம். இடையில் வயிறு கடுமையாக வலித்து இறுகினாலோ, மலம் கறுத்தோ ரத்தமாகவோ போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், அல்லது ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.