"ரெண்டே பெக்தான் சார்!"

நேயர்களுக்கு வணக்கம். நான் குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்காடுகிறவன். திங்கட்கிழமை காலையில் என்னைத் தேடி வருகிறவர்களில் ஒரு வகை உண்டு. கையில் ஒரு சீட்டு, கண்ணில் தூக்கக் கலக்கம், வாயில் ஒரே வசனம்: "ரெண்டே பெக்தான் சார். நிதானமாத்தான் ஓட்டினேன்."

நிதானமாகவே ஓட்டியிருக்கலாம். ஆனால் சட்டம் அதைக் கேட்கவில்லையே! மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு மதுவைப் பற்றிக் கேட்பது ஓர் எண்ணை மட்டும்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததா? இருந்தால், வண்டி நேராகப் போனதா வளைந்து போனதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, அந்த இரண்டு பெக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மில்லி வீதம் 60 மில்லி. நம் ஊர்ச் சரக்கில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியானால் ஏறக்குறைய 20 கிராம் உள்ளே போயிருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண், வெறும் வயிற்றில், மளமளவென்று குடித்தால் ரத்தத்தில் 40ஐத் தாண்டிவிடும். உடம்பு அதைக் கரைக்கும் வேகம் 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். இதே ஆள் ஒரு குவாட்டரை இரவு பதினொரு மணிக்கு முடித்துவிட்டுப் படுத்து, காலை ஐந்து மணிக்கு மாமியாரை ரயிலேற்றக் கிளம்பினாலும் 30க்கு மேல்தான் இருப்பார். "அது நேத்து ராத்திரி குடிச்சது சார்" என்பது உண்மையான பதில்தான், ஆனால் வழக்குக்கு உதவாத பதில்.

அப்போது எதைத்தான் மறுக்க முடியும்? ரோட்டில் ஊதச் சொல்கிறார்களே, அந்தக் கருவியை மறுக்கலாம். அது ரத்தத்தைத் தொடுவதே இல்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, பொதுவாக 2100 மடங்கு என்று வைத்து, ரத்தத்தின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அப்போதுதான் கடைசி மடக்கை விழுங்கியிருந்தாலோ, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் கொப்பளித்திருந்தாலோ, வாயில் தங்கியதையும் சேர்த்துக் காட்டிவிடும். பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊதுகிறேன் என்று கேளுங்கள். புதுக்குழாய் கேளுங்கள். அச்சிட்ட சீட்டில் நேரமும் அளவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் நாங்கள் கேட்டுக்கொள்வோம். ரோட்டில் நின்று குரலை உயர்த்தினால், அது எதிரே நிற்கும் காவலரின் சட்டைக் கேமராவில் உங்களுக்கு எதிராகப் பதிவாகும், அவ்வளவுதான்.

ஊதவே மாட்டேன் என்று முரண்டு பிடிப்பவர்களும் உண்டு. குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் 203ஆவது பிரிவின்படி வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். நியாயமான காரணம் காட்டாவிட்டால், மறுத்ததே அரசுத் தரப்புக்குத் துணைச் சான்றாகும் என்கிறது 205. அதாவது, எதிராளிக்கு நாமே ஒரு சாட்சியைப் பிடித்துக் கொடுக்கிறோம்.

"வாசனை அடிச்சுதுன்னு கேஸ் போட்டுட்டாங்க" என்பவர்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. வாயில் மது வாடை, தள்ளாட்டம், குழறல் இவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவு கட்ட முடியாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொன்னது. ஆனால் இன்சூரன்ஸ் விஷயம் வேறு. பரிசோதனை நடக்காவிட்டாலும் மற்ற சான்றுகளை வைத்து நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம் என்று 2021இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குற்ற வழக்கில் தப்பித்தவர், நொறுங்கிய காருக்குத் தன் கைக்காசைச் செலவழிக்க நேரலாம்.

அபராதத்தை அங்கேயே காவலரிடம் கட்டிவிட்டுப் போகும் குற்றமும் அல்ல இது. நீதிமன்றம்தான் விதிக்கும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஓட்டுநர் உரிமமும் சில மாதங்களுக்கு முடங்கலாம். வண்டியைப் பொறுத்தவரை, குடிக்காத, உரிமம் உள்ள ஒருவரை உடனே வரவழையுங்கள். குடித்து ஓட்டியதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய முடியாது, இப்படிப்பட்டவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. அது நம் ஊர்க் காவலரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துச் சொல்லத் தக்க வாதம்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. 185இல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202. காவலிலிருந்துதான் விடுவார்கள், வழக்கிலிருந்து அல்ல. கருவி மேல் சந்தேகம் இருந்தால் ரத்தத்தை எடுங்கள் என்று நாமே கேட்கலாம். நானும் முன்பெல்லாம் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு கட்சிக்காரர் வந்து சேரும் வரை.

அவர் கிளம்பும் அவசரத்தில் கடைசி பெக்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டியை எடுத்தவர். இரண்டாவது தெருவிலேயே நிறுத்தினார்கள். ஊதினார், எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. கருவி தப்பு, ரத்தத்தை எடு என்று விடாப்பிடியாக நின்றார். மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று ஊசி போடுவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வயிற்றில் இருந்த கடைசி பெக் அதற்குள் நிதானமாக ரத்தத்தில் ஏறிவிட்டது. அறிக்கையைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பக் கொடுத்தார்.

"அந்த மெஷினே பரவாயில்ல சார்" என்றார்.

வணக்கம்.